இரும்பும் துவர்ப்பும்

மூன்று மாதம் விடாமல் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் பெரிஹானின் உடம்பில் இரத்தம் ஊறவில்லை. மே மாதம், முதல் கொழுந்து வெட்டும்போது ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்று. ஆகஸ்டில் எட்டு புள்ளி மூன்று. சாயெலி ஊருக்கு மேலே செங்குத்தான சரிவில் அவர்களுடைய தேயிலைத் தோட்டம். வெட்டிய கொழுந்து விழுவதற்குப் பை கோத்த கத்தரியால் வெட்டிக்கொண்டே ஏறுகிறவள், இப்போதெல்லாம் பத்தடிக்கு ஒருமுறை நின்று இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். வயது நாற்பத்து மூன்றுதான்.

சுகாதார நிலையத்து டாக்டர் இல்கின் சின்னப் பெண். பரிசோதனைத் தாளைப் பார்த்தாள், பிறகு பெரிஹானைப் பார்த்தாள்.

"பெரிஹான் அக்கா, மறைக்காம சொல்லுங்க. மாத்திரை தினமும் போடுறீங்களா?"

"போடாம? காலையில எந்திரிச்சதும் அதுதான் முதல் வேலை."

"டீயோட போடக் கூடாதுன்னு சொன்னேனே?"

"டீயில யாராவது மாத்திரை முழுங்குவாங்களா? தண்ணியிலதான்."

டாக்டர் பேனாவால் மேசையைத் தட்டினாள். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும்படி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். குழாயைவிட அந்த நம்பாத பார்வைதான் பெரிஹானை உறுத்தியது.

வீட்டில் அவளுடைய நாத்தனார் மக்பூலேக்கு இது நல்ல தீனியாகப் போயிற்று. மக்பூலே கீழ்த்தளத்தில் இருந்தாள். புருஷன் இறந்தபிறகு தம்பி யாகூப்பின் வீட்டோடு வந்துவிட்டவள்.

"மாத்திரையை எல்லாம் கோழிக்குப் போட்டுட்டியாடி? அதான் சேவல் இந்தத் துள்ளு துள்ளுது!"

மறுநாள் காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஆலிவ், பாலாடைக்கட்டி, மக்காச்சோள ரொட்டி. இடுப்பு ஒடுங்கிய கிளாஸ்களில் முயல் இரத்தம்போல் சிவந்த தேநீர். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே பெரிஹான் மக்பூலேயோடு மல்லுக்கு நின்றதில், அது நழுவிக் கிளாஸுக்குள் விழுந்தது. கரண்டியை எடுப்பதற்குள் கீழே கொழுந்து ஏற்றும் லாரி ஹாரன் அடித்தது. எல்லோரும் ஓடினார்கள்.

அரைமணி கழித்துத் திரும்பி வந்தபோது கிளாஸில் இருந்தது தேநீர் இல்லை, மை. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வெளிச்சம் ஊடுருவவே இல்லை.

கொட்டிவிடத்தான் போனாள். மனசு வரவில்லை. மாத்திரையின் மேல்பூச்சுச் சாயம் கரைந்து இப்படி ஆகியிருக்குமோ? இன்னொரு மாத்திரையை வெந்நீரில் போட்டாள். அது கலங்கிய மஞ்சளாயிற்று, கறுக்கவில்லை. அப்படியானால் சாயம் இல்லை. மாட்டுக் கொட்டகைக் கதவிலிருந்து துருப்பிடித்த ஆணி ஒன்றைப் பிடுங்கி வேறொரு கிளாஸ் தேநீரில் போட்டு வைத்தாள். சாயங்காலத்துக்குள் அதுவும் கறுத்தது. ஆக, தேநீரும் இரும்பும் ஒன்றையொன்று கண்டால் விடுவதில்லை. அந்த மையில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். கண்ணெதிரே கறுப்பு வெளுத்துப் பழுப்பாகியது.

ஜன்னல் ஓரம் வரிசையாக நின்ற கிளாஸ்களைப் பார்த்த யாகூப், "மருந்துக் கடை திறக்கப் போறியா?" என்றான்.

"கிளாஸுக்குள்ளே இப்படிக் கட்டிப்பிடிச்சுக்குதுன்னா, வயித்துக்குள்ளே என்ன பண்ணும்?"

"ஊரே குடிக்குது. ஊரே செத்தா போச்சு?"

அவள் ஜாம் பாட்டில்களில் எல்லாவற்றையும் ஊற்றி மூடி, மடியில் வைத்துக்கொண்டு மினிபஸ் ஏறினாள். "என்னக்கா அது, தாரா?" என்று டிரைவர் கேட்டான்.

டாக்டர் இல்கின் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அவள் மேசையிலும் பாதி குடித்த தேநீர் இருந்தது.

"அக்கா, தண்ணியில மாத்திரை போட்டதுக்கப்புறம் எவ்வளவு நேரம் கழிச்சு டீ குடிப்பீங்க?"

"எவ்வளவு நேரமா? உடனேதான். முதல்ல ரெண்டு. சாப்பாட்டோட இன்னொரு மூணு."

"கடவுளே! இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"எதுல மாத்திரை போடுறேன்னு கேட்டீங்க, தண்ணின்னு சொன்னேன். அப்புறம் என்ன குடிக்கிறேன்னு நீங்க கேக்கலையே! டீயை யாரு கணக்குல சேர்ப்பாங்க?"

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். தேநீரில் நாக்கை இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு இருக்கிறதே, அது இரும்பையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட இரும்பைக் குடல் உறிஞ்ச முடியாது. அப்படியே வெளியே போய்விடும். எலுமிச்சையில் இருக்கும் சத்து அந்தப் பிடியைத் தளர்த்தும்.

"அப்ப டீயை விட்டுடணுமா?" பெரிஹானின் குரலே மாறிவிட்டது.

"விட வேண்டாம். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ரெண்டு மணி நேரம் தள்ளி வைங்க, போதும். அது நல்லதும் செய்யுது, இரத்தக் குழாய்க்கு இதமானதுன்னு சொல்றாங்க. நேரம்தான் தப்பு. ஆனா ஆஸ்பத்திரிப் பரிசோதனையையும் முடிச்சுடுங்க."

அந்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. தேநீரைத் தள்ளி வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முதல் மூன்று நாள் காலையில் மண்டை பிளந்தது. வழக்கமான நேரத்துக்குக் காஃபீன் கிடைக்காத கோபம் அது என்றாள் டாக்டர். யார் வீட்டுக்குப் போனாலும் கேட்காமலே கிளாஸ் நிரம்பியது. "எங்க வீட்டு டீ தொண்டையில இறங்காதா?" என்று முகத்தைத் தூக்கினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தாள். நவம்பரில் பதினொன்று புள்ளி ஒன்பது. தோட்டத்து உச்சி வரை நிற்காமல் ஏறிப் போய், அங்கிருந்து யாகூப்பைக் கூவி அழைத்தாள்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் கண்டுபிடித்தவளுக்கு வாய் நிற்குமா? பார்க்கிறவர்களிடமெல்லாம் சாப்பாட்டோடு தேநீர் கூடாது என்று சொல்லித் திரிந்தாள். மக்பூலேக்குச் சில மாதமாகவே அசதி, விரல் மூட்டுகளில் வலி. பெரிஹான் மிச்சமிருந்த மாத்திரை அட்டையை அவள் சட்டைப் பையில் திணித்தாள்.

"இதுவும் இரும்புக் குறைதான்க்கா. பேசாம போடுங்க. டீயைத் தள்ளி வைங்க."

"நீ எப்படி டாக்டரான? மூணு ஜாம் பாட்டில் படிப்பா?"

தேநீரை மட்டும் தள்ளி வைத்தாள் மக்பூலே. மாத்திரையைத் தொடவில்லை. பெரிஹான் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டதாக இருக்கக் கூடாது என்பதற்காகவே தானாக டாக்டரிடம் போய் இரத்தம் கொடுத்தாள்.

ஒரு வாரத்தில் டாக்டர் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினாள். மக்பூலேக்கு இரும்பு குறைவாக இல்லை. அளவுக்கு மீறி இருந்தது. பிறவியிலேயே இரும்பை வாரிச் சேர்த்து வைக்கும் உடம்பு சிலருக்கு உண்டு. அது மூட்டிலும் ஈரலிலும் போய்ப் படியும். அவ்வப்போது இரத்தத்தை எடுத்துத்தான் குறைக்க வேண்டும்.

"நல்லவேளை அந்த மாத்திரையை நீங்க முழுங்கல," என்றாள் டாக்டர். "அப்புறம் இன்னொண்ணு. சாப்பாட்டோட டீ குடிங்க. கொஞ்சமாவது தடுக்கும்."

மினிபஸ்ஸிலிருந்து இறங்கும்போது பெரிஹான், "அக்கா, மன்னிச்சுடுங்க," என்றாள்.

"மன்னிக்கிறது அப்புறம். முதல்ல போய் கெட்டியா ஒரு டீ போடு. டாக்டர் உத்தரவு!"

அன்றிலிருந்து ஒரே மேசையில் மக்பூலே ரொட்டியோடு மூன்று கிளாஸ் குடித்தாள்; பெரிஹான் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். யாருக்கும் யோசனை சொல்வதை நிறுத்திவிட்டாள். கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. செடிக்கு எதற்கு அந்தத் துவர்ப்பு என்று அடுத்தமுறை டாக்டரைக் கேட்டாள். பூச்சி தின்னாமல் இருக்கவாம்.

மே மாதம் கத்தரியோடு சரிவில் இறங்கியவள், ஒரு கொழுந்தைக் கிள்ளி மென்றாள். பிறகு அதே செடியின் அடியிலிருந்து முற்றிய இலை ஒன்றைப் பறித்து மென்றாள். கொழுந்துதான் நாக்கைச் சுருட்டியது. பூச்சிக்கு அதிகம் பிடிப்பது பிஞ்சுதானே என்று நினைத்துக்கொண்டே மறுபடி ஒரு கொழுந்தைக் கிள்ளினாள்.

"அங்க என்னடி ஆடு மாதிரி மேய்ஞ்சுக்கிட்டு நிக்கிற?" என்று கீழிருந்து கத்தினாள் மக்பூலே.

"இருங்கக்கா, இன்னும் ஒரே ஒரு இலை!"