குளியலறைக்குப் பின்னால் ஒரு புதிய பதிவு

விலங்கியல் பேராசிரியருக்குத் துறைத்தலைவர் நாற்காலி மேல் ஒரு கண். ஒரு கண் என்ன, இரண்டு கண்ணுமே அதில்தான். பெயர் சொல்லும்படி ஒரு கண்டுபிடிப்பு இருந்தால்தான் அது கிடைக்கும் என்று இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார். மனிதர் காடு மேடெல்லாம் அலைந்து ஓய்ந்து வீட்டுக்கு வந்தால், குளியலறைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது ஒரு மலைத்தவளை! சமவெளியில் அந்த இனத்தை அதுவரை எவரும் கண்டதில்லை. வயதை மறந்து குதித்தார். தவளை பேசாமல் உட்கார்ந்திருந்தது.

"எங்க அக்கா கொடுத்த பூந்தொட்டியிலேருந்து குதிச்சதுங்க அது. நான்தான் பார்த்தேனே," என்றாள் மனைவி. அக்கா வீடு மலைமேல். போன விடுமுறைக்கு அங்கே போனவர்கள் கார் நிறையத் தொட்டிகளோடு திரும்பி, எல்லாவற்றையும் கொல்லைப்புறத்தில் வைத்திருந்தார்கள்.

"உனக்கென்ன தெரியும்? சும்மா இரு," என்று அவள் வாயை அடைத்தார். தவளை கலைந்துவிடக் கூடாதென்று பின்வாசலுக்குப் பூட்டும் போட்டார். தண்ணீர் ஊற்ற வழியில்லாமல் அக்கா ஆசையாகக் கொடுத்த செடிகள் கருகிப்போயின. மனைவி அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. அது நல்லதுக்கில்லை என்று இந்த மகா புத்திசாலிக்கு உறைத்தால்தானே!

மலைத்தவளை சமவெளியிலும் உண்டு, இது "புதிய பரவல் பதிவு" என்று கட்டுரை வெளிவந்தது. பாராட்டு விழா. முன்வரிசையில் மனைவி, திரையில் கதவளவு தவளை. அடக்கமாகப் பேச ஆரம்பித்த பேராசிரியர் சீக்கிரமே அடக்கத்தை மூட்டை கட்டி வைத்தார்.

பக்கத்து அறைப் பேராசிரியர் எழுந்தார். இவருக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. "பின்னங்காலுக்கு அஞ்சு விரல் இருக்கணுமே சார். நடுவிரலைக் காணோமே? வெட்டின மாதிரில்ல இருக்கு?"

திரையைப் பார்த்தவருக்குப் பகீரென்றது. பிடித்த தவளையை மறுபடி அடையாளம் காண விரலை வெட்டிவிடுவது அவர்கள் தொழிலில் உள்ளதுதான். நடுவிரலை வெட்டுவது இவர் பாணி. விடுமுறையில் பொழுது போகாமல் அக்கா வீட்டுத் தோட்டத்துத் தவளைகளுக்கு அதைத்தான் செய்திருந்தார். அன்று சந்தோஷத்தில் குதித்த குதியில் தவளையின் காலைக் கவனிக்கவில்லை.

"அது... பிறவியிலேயே அப்படி," என்றார்.

இயக்குநர் துள்ளி எழுந்தார். "பிறவியிலேயே நாலு விரலா? அப்ப இது புது இனம்யா! என் பேரையே வச்சிடுங்க!"

கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. "ஆமா சார், புது இனந்தான்," என்று பல்லிளித்தார் பேராசிரியர்.

மனைவி எழுந்தாள். "வேணும்னா சொல்லுங்க சார், இன்னும் தர்றோம். எங்க அக்கா வீட்டுல இதே மாதிரி நாலு விரலோட எக்கச்சக்கமா கெடக்கு. எல்லாத்துக்கும் இவர்தான் வெட்டிவிட்டாரு. கத்தரிக்கோல் என்னோடது."

அரங்கமே கொல்லென்று சிரித்தது. தவளைக்குக் கொடுத்த பெயரை எப்படித் திரும்ப வாங்குவதென்று இயக்குநருக்குத் தெரியவில்லை. நாற்காலி விஷயத்தில் அந்தக் குழப்பமெல்லாம் இல்லை, அதைப் பக்கத்து அறைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி கையை நீட்டினாள். பேராசிரியர் பின்வாசல் சாவியை எடுத்துக் கொடுத்தார்.