ஆறாவதாக ஓடுகிறவள்

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அந்த வாக்கியம் என்னுடையதுகூட இல்லை. எங்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருக்கும் மாரிட், கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறவள், ஓட்டப் பந்தயத்துக்கு மறுநாள் காலை பான்கேக்கின் மேல் சிரப்பை ஊற்றிக்கொண்டே சொன்னது: "டெலேனி கீழ உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

டெலேனி அவளுடைய நெருங்கிய தோழி. சொல்லிவிட்டு மாரிட் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். என்னால்தான் முடியவில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள், ஆனால் எனக்குக் காட்டணும் என்றாள்.

2

முதல் தொடக்கம்: அக்டோபர் மாதத்தின் கடைசி சனிக்கிழமை. விஸ்கான்சினின் மேப்பிள் மரங்கள் தங்கள்

(இல்லை. ஓடுகிறவர்கள் மரத்தைப் பார்ப்பதில்லை. முன்னால் போகிறவளின் முதுகுதான் தெரியும் என்றாள் மாரிட்.)

இரண்டாவது தொடக்கம்: துப்பாக்கி வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரே

(இதுவும் வேண்டாம். விதியைச் சொல்லாமல் துப்பாக்கியை வெடித்து என்ன பயன்?)

விதி இதுதான். கிராஸ் கன்ட்ரி என்பது புல், சேறு, மேடு எல்லாவற்றிலும் ஓடும் ஆறு கிலோமீட்டர். ஒரு கல்லூரிக்கு ஏழு பேர். அவர்களில் முதலில் வந்து சேரும் ஐந்து பேர் எத்தனையாவதாக வந்தார்களோ அந்த எண்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவாக வரும் அணி சாம்பியன். ஆறாவது, ஏழாவது ஆட்களும் அதே சேற்றில் அதே தூரம்தான் ஓடுகிறார்கள். கூட்டலில் அவர்கள் கிடையாது. (எதிரணிப் பெண்களை முந்தினால் அந்த அணியின் கூட்டுத்தொகையாவது ஏறும் என்பார் எங்கள் ஊர் அணியின் கோச் வெண்ட். இந்த ஆறுதலில் யாரும் ஆறியதாகத் தெரியவில்லை.)

அணியில் டெலேனி முதலாவது. மாரிட் ஆறாவது. சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான்.

3

பாதித் தூரத்துக்குக் கொஞ்சம் மேலே, வைக்கோல் கட்டுகள் அடுக்கிய ஒரு வளைவு. இலைச் சருகுக்குள் மறைந்திருந்த பள்ளத்தில் டெலேனியின் கால் பிசகியது. அப்போது அவள் எல்லோருக்கும் முன்னால் இருந்தாள். நூறு கால்கள் அவளைக் கடந்து போயின. அவள் அணியின் நான்கு பெண்களும் கடந்தார்கள். அவர்களுக்கும் பின்னால் மாரிட் வந்தாள்.

டெலேனி வைக்கோல் கட்டில் சாய்ந்து, கணுக்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாரிட்டின் வேகம் குறைந்தது. டெலேனி நிமிர்ந்து பார்த்தாள்.

"நிக்காதடி. இப்ப நீ கணக்குல இருக்க. ஓடு."

அந்த இடத்தில்தான் அந்தச் சந்தோஷம். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்: எங்கே? வயிற்றிலா, தலையிலா? தொடையில் என்றாள். அதுவரை கனத்துக்கொண்டிருந்த கால் சட்டென்று லேசாகிவிட்டதாம்.

4

இங்கே நான் ஒரு காரியம் செய்தேன். முதல் வரைவில் டெலேனியைக் கொஞ்சம் கெடுத்தேன். ஆறாவதாக வருகிறவளைக் கேலி செய்கிறவள், கோச்சிடம் குழைகிறவள், அப்படி. வாசகர் மாரிட்டை மன்னிக்க வேண்டுமே.

படித்துவிட்டு மாரிட் காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"இது யாரு?"

"டெலேனி."

"இல்ல. போன குளிர்காலத்துல எனக்கு ஃப்ளூ வந்தப்ப, தினமும் சூப் வச்சுக் கொடுத்தவ அவ. அவளை ஏன் கெட்டவளாக்கறீங்க?"

"அப்புறம் நீ சந்தோஷப்பட்டதுக்கு என்ன காரணம் சொல்றது?"

"காரணம் இருந்தாத்தான் எழுதுவீங்களா?"

அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். டெலேனி நல்லவள். மாரிட்டும் நல்லவள்தான் என்று நினைக்கிறேன். இரண்டையும் வைத்துக்கொண்டு மேலே போவது கடினம். இருந்தாலும் போவோம்.

5

கடைசி மேட்டில் மாரிட் ஓடியதைப் போல அதற்கு முன் அவள் ஓடியதில்லை. பந்தயம் பார்க்கப் போய்க் கயிற்றுக்கு வெளியே நின்ற நான், முந்திக்கொண்டு வருவது அவள்தான் என்று முதலில் நம்பவில்லை. எதிரணிப் பெண்களை ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள். கோட்டைக் கடந்ததும் புல்லில் மல்லாந்து விழுந்தாள்.

(அவளால் அணி ஜெயித்தது என்று எழுத எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா? அரைப் பக்கம் எழுதியும் பார்த்தேன். கோப்பையைத் தூக்கினார்கள். டெலேனி நொண்டிக்கொண்டே வந்து கட்டி)

ஜெயிக்கவில்லை. டெலேனியின் இடத்தை யாராலும் ஈடுகட்ட முடியவில்லை. சில புள்ளிகள் வித்தியாசத்தில் கோப்பை வேறு கல்லூரிக்குப் போயிற்று. அணியின் கூடாரத்தில் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் தலை சாய்த்து அழுதார்கள். கோச் வெண்ட் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுகிறவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையிலேயே நன்றாக ஓடியிருந்த மாரிட்டை யாரும் பாராட்டவில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அவள் ஒரு துண்டை எடுத்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எல்லோரையும் போல அழுகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

6

பேருந்தில் டெலேனி ஐஸ் பை கட்டிய காலை நீட்டியபடி மாரிட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெடுஞ்சாலை திரும்பும் இடத்தில் டெலேனி சன்னலைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"துண்டுக்குள்ள சிரிச்சியாடி?"

மாரிட் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று என்னிடமும் சொன்னாள். அதை மட்டும் எழுதாதீங்க என்றாள்.

"ஆமா" என்று சொல்லியிருந்தால் ஒரு கதை. "இல்ல" என்றால் இன்னொன்று. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் டெலேனி அடுத்து என்ன செய்வாள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. நடந்தது எனக்குத் தெரிந்தும்கூட.

ஆகவே மாரிட்டின் இருக்கையில் இனி நீங்கள் உட்காருங்கள். ஐஸ் உருகிக் கணுக்காலில் வழிகிறது. கேட்டவள் உங்கள் தோழி. கேள்வியில் கோபம் இருந்ததா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. அவள் இன்னும் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், உங்கள் பதிலுக்காக.

நீங்கள்