கரிம வேதியியலில் ‘டி’ வாங்கியவள்

மாரிட் ஹௌகன் முதல் தடவை விண்ணப்பித்தபோது ஒன்பது பல் மருத்துவக் கல்லூரிகளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. நேர்முகத்துக்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. இளநிலைப் பட்டத்தில் அவள் சராசரி நாலுக்கு இரண்டு புள்ளி ஆறு. கரிம வேதியியலில் ‘டி’. உயிர்வேதியியலில் ‘சி’, அதுவும் பேராசிரியர் பாவம் பார்த்துப் போட்டது. படிக்கிற காலத்தில் விடிகாலை ஐந்தரைக்குப் பனித்தளத்தில் ஹாக்கி ஆடப் போய்விடுவாள். எட்டு மணி வகுப்பில் உட்கார்ந்து தூங்குவாள், இல்லையென்றால் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குவாள்.

ஒரு கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டு என்ன குறை என்று கேட்டாள். அங்கிருந்த அம்மாள் நல்லவர், உள்ளதை உள்ளபடி சொன்னார். அறிவியல் பாடங்களைத் திரும்பப் படித்து நல்ல மதிப்பெண் காட்டச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, “உங்க கட்டுரையப் படிச்சா எங்ககிட்ட மன்னிப்பு கேக்க வந்த மாதிரி இருக்கு. உங்கள ஏன் எடுக்கணும்னு ஒரு வரி இல்லையே,” என்றார்.

இருக்காதுதான். அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாவில் பிறந்தவர்களுக்குத் தங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வதென்றால் சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் நடப்பது போல. அவளுடைய அப்பா மீன்பிடிப் போட்டியில் ஜெயித்த கோப்பையைக் கார் கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருந்தார், யாராவது பார்த்துத் தொலைத்துவிடப் போகிறார்களே என்று. அந்த ரத்தம்தான் இவளுக்கும்.

ஆனால் மாரிட்டுக்குப் பிடிவாதமும் உண்டு. அங்கே டுலூத் நகரத்தில் டாக்டர் பெக்மனின் பல் மருத்துவமனையில் உதவியாளராக வாரத்துக்கு முப்பத்திரண்டு மணி நேரம் நின்றாள். மீதி நேரத்தில் வகுப்புக்குப் போனாள். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் வரிசை நாற்காலி. இரண்டு வருடத்தில் ஒன்பது பாடங்கள், ஒன்பதிலும் ‘ஏ’. நுழைவுத் தேர்விலும் எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பின்னால் தள்ளினாள்.

இங்கேதான் அவளுக்கு ஓர் இடி காத்திருந்தது. திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண் அழிந்துவிடும் என்று நம்பியிருந்தாள். விண்ணப்ப விதிகளை ஆற அமரப் படித்த பிறகுதான் தெரிந்தது, பழைய ‘டி’யும் இருக்கும், புதிய ‘ஏ’யும் இருக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் சராசரி போடுவார்கள். ஓர் அண்டா மோரில் ஒரு சொம்பு பாலை ஊற்றிய கதைதான். அத்தனை பாடுபட்டும் இரண்டு புள்ளி ஒன்பது இரண்டு. மூன்றைத் தொடவில்லை.

அவளுடைய அண்ணன் ரோல்ஃப் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அவன்தான் அந்த யோசனையை எடுத்துவிட்டான். இந்த நாட்டில் விண்ணப்பம் போடுகிற எல்லோரிடமும் ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது, உன்னிடம் இல்லாததுதான் குறை என்றான். அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்ததே, அதைப் பார்த்துக்கொண்டதால் படிக்க முடியவில்லை என்று எழுத வேண்டியதுதானே?

“அது நான் டி வாங்கி மூணு வருஷம் கழிச்சு வந்ததுடா,” என்றாள் மாரிட்.

“தேதிய எவன் பாக்கப் போறான்?”

மாரிட் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மாவோ உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே, “சொல்லிக்கோயேன். நான் பட்டதுக்கு இந்த ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டும்,” என்றாள்.

மாரிட் கட்டுரையில் அதை எழுதவில்லை. ஆனால் மனதிலிருந்து தூக்கி எறியவும் இல்லை. அவளுக்கு இருபத்தொன்பது வயது. இந்தத் தடவையும் போனால் இந்த ஆசையையே விட்டுவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். பதினொரு கல்லூரிகளுக்குப் போட்டதில் ஒன்றே ஒன்றுதான் நேர்முகத்துக்கு அழைத்தது. பக்கத்து மாநிலத்துக்கு ஆறு மணி நேரம் காரோட்டிப் போனாள். அம்மாவின் நோயும் அவளோடு கூடவே போனது.

அங்கே அவளைப் பேட்டி கண்டவர் டாக்டர் பெனடெட்டி, ஐம்பதை ஒட்டிய வயது, மெல்லிய குரல். மதிப்பெண் பட்டியலை விரித்து வைத்து அந்த ‘டி’யின் மேல் பேனாவை வைத்தார்.

“ரெண்டாம் வருஷம் என்ன ஆச்சு? வீட்டுல ஏதாவது கஷ்டமா?”

அவரே கதவைத் திறந்து விட்டுவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாரிட்டின் கண்முன்னால் மருத்துவமனைப் படுக்கையில் தலைமுடி உதிர்ந்து கிடந்த அம்மா வந்தாள். அந்த அம்மாவை இந்த மேசைமேல் வைத்து விலை பேச அவளுக்கு மனசு வரவில்லை.

“வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க. நான்தான் வகுப்புக்குப் போகல. ஹாக்கி ஆடினேன், தூங்கினேன். வேற காரணம் எதுவும் இல்ல.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்போ இப்ப மட்டும் உங்கள ஏன் நம்பணும்?”

என்னைவிடத் தகுதியானவர்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்ல அவள் நாக்கு தயாராகவே இருந்தது. பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு. அதைப் பல்லுக்குள் அடக்கினாள்.

“ஏன்னா நான் இதுல கெட்டிக்காரி,” என்றாள். காது மடலெல்லாம் எரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. “அதே பாடத்த அதே பேராசிரியர்கிட்ட திரும்பப் படிச்சேன். அந்த வகுப்புல நான்தான் முதல். வேலை பாத்துக்கிட்டே ஒன்பது பாடம், எல்லாத்துலயும் ஏ. பயந்துக்கிட்டு வர்ற குழந்தைங்க எங்க டாக்டரக் கேக்குறதில்ல, என் பேரச் சொல்லித்தான் கேக்குதுங்க. என் சராசரி மூணத் தொடாதுன்னு எனக்குத் தெரியும். அதுல முக்கால்வாசி இருபது வயசுல ஒரு பொண்ணு வாங்கினது. நீங்க சேத்துக்கப் போறது அவள இல்ல சார்.”

டாக்டர் பெனடெட்டி ஏதோ எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் ரோல்ஃப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டான். அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார், சும்மா தலையாட்ட உனக்கென்ன கேடு என்றான். அம்மா மகளின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள், அவ்வளவுதான். ஆறு வாரம் அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

டிசம்பர் நடுவில், கல்லூரிகள் முடிவு சொல்லத் தொடங்கும் முதல் நாள் காலை, மாரிட் ஒரு தபால்காரரின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் பெக்மன் சொத்தையை அடைத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்து, அடங்கி, மறுபடி அதிர்ந்தது. டாக்டர் கண்ணாலேயே போ என்றார். மாரிட் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். ஈரம் பட்டால் அடைப்பு நிற்காது. பல் முடிகிற வரைக்கும் அவள் கை அசையவில்லை. அதற்கப்புறம்தான் கையுறையை உரித்துப் போட்டுவிட்டு நடைவழிக்கு ஓடினாள்.

டாக்டர் பெனடெட்டியேதான் கூப்பிட்டிருந்தார். இவள் திரும்பக் கூப்பிட்டதும், இடம் உண்டு என்றார். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் என்றார். பிறகு சிரித்துவிட்டு, “அன்னிக்கு வந்தவங்கள்ல என்னைய அழவைக்கப் பாக்காத ஒரே ஆளு நீங்கதான்,” என்றார்.

மாரிட் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காத்திருப்பு அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். ஐந்து பேர் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரையும் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது.

“எனக்குப் பல் டாக்டருக்குப் படிக்க இடம் கிடைச்சிருச்சு,” என்றாள்.

ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தானே, என்ன செய்வதென்று புரியாமல் விழித்தார்கள். மாரிட் இன்னொரு தடவை, முன்னைவிட உரக்கச் சொன்னாள்.