எஞ்சின் இல்லாத ஃபியட்

மாரப்பன் இறந்தபின் மகன்கள் இருவரும் மலையாள எல்லைக்குள் இருந்த தோட்டத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அறுபத்து நான்காம் வருடத்து ஃபியட் காரைப் பிரிக்க முடியவில்லை. வண்டியின் ஆர்.சி. புத்தகம் மூத்தவன் தங்கதுரை பேருக்கு மாறியது. சாவி இளையவன் நஞ்சப்பனிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்தால் சாப்பிடக்கூட வரமாட்டான்.

பெட்ரோலில் எத்தனால் கூடியபிறகு வண்டி மக்கர் செய்தது. கார்புரேட்டர் ரப்பர்கள் உப்பின; பெட்ரோல் ஹோஸ் அடிக்கடி வெடிப்பு விட்டது. புதுவகை ஹோஸ் போடச் சொன்ன மெக்கானிக்கிடம், "கம்பெனி எதப் போட்டு அனுப்புச்சுதோ அதுதானுங்க இருக்கோணும்" என்று நஞ்சப்பன் மறுத்துவிட்டான். பழைய ஹோஸையே தேடிப்பிடித்துப் போட்டான்.

சித்திரையில் அம்மா செல்லாத்தாளைப் பொள்ளாச்சிக்குக் கண் காட்டக் கூட்டிப்போனான். மாநில எல்லையிலிருந்த கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் பானட்டுக்குள்ளிருந்து தீ கிளம்பியது. அங்கிருந்தவர்கள் ஓடிவந்து மண்ணை வாரிப்போட்டு அணைத்தார்கள். வயர்கள் கருகியதோடு சரி, எஞ்சின் தப்பியது. அவசரமாக வெளியே இழுத்ததில் அம்மாவுக்கு இடதுகை முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்த தங்கதுரை தம்பியைத் தாண்டிப்போய் பில்லைக் கட்டினான்.

அடுத்த மாதம் நஞ்சப்பன் மாமனார் ஊருக்குப் போயிருந்தபோது, தங்கதுரை வண்டியைக் கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்கு லாரியில் ஏற்றி அனுப்பினான். நஞ்சப்பன் திரும்பிவந்து நின்ற அன்றுதான் ஃபியட் சத்தமே இல்லாமல் வாசலுக்குள் நுழைந்தது.

"பேட்டரில ஓடுது. ஏறு, ஒரு சுத்துப் போய்ட்டு வரலாம்" என்றான் தங்கதுரை.

"எஞ்சின் எங்கீங்ணா?"

"பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு."

"என்னய ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா?"

"கேட்டா உட்டிருப்பயா? அம்மா கையப் பாத்துட்டுப் பேசு."

நஞ்சப்பன் பானட்டைத் திறந்து பார்த்து மூடினான். பிறகு, "உங்க தோட்டத்து மக்காச்சோளம் லோடு லோடா எங்க போகுதுன்னு தெரியுமுங்களா? பெட்ரோல்ல கலக்கற எத்தனால் காய்ச்சற ஆலைக்குத்தான்" என்றான்.

"தெரியும். அதுலதான் நாம சோறு திங்கறோம்."

மறுநாள் நஞ்சப்பன் இரும்புக்கடைக்குப் போனான். அதற்குள் எஞ்சினை உடைத்து லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

வண்டி பேட்டரிக்கு மாறியதை ஆர்.சி.யில் பதியத் தங்கதுரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனான். இன்ஸ்பெக்டர் ஷிஜு பானட்டுக்குள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சேட்டா, இந்த மாடலுக்கு இந்த மோட்டார் அப்ரூவல் இல்லல்லோ. ரோட்டுல ஓட்டக் கூடாது."

"பட்டறைல எல்லாம் சரியா இருக்குதுன்னு சொன்னாங்களேங்க."

"அவங்க சொல்லுவாங்க."

"அப்ப பழையபடி பெட்ரோல் வண்டியாவே இருக்கட்டுமுங்க."

"அதுக்கு எஞ்சின் எவிடெ?"

பட்டறைக்காரன் அதன்பிறகு ஃபோனை எடுக்கவேயில்லை.

மழைக்காலம் முழுக்க ஃபியட் கொட்டகையில் நின்றது. அதன் கூரையில் கோழி அடைந்தது. தம்பியிடம் கேட்காமலே தங்கதுரை அதை விற்கவும் முடிவு செய்தான். தேவிகுளத்தில் ஒரு ரிசார்ட்டில் கேட்டார்கள், கொடுத்துவிட்டான். லாரியில் ஏற்றும்போது அம்மா மட்டும் மாவுக்கட்டு அவிழ்த்த கையோடு வாசலில் நின்றாள். நஞ்சப்பன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

தை மாதம் அவன் யாரிடமும் சொல்லாமல் தேவிகுளத்துக்குப் பஸ் ஏறினான். ரிசார்ட் வாசலில், தேயிலைச் சரிவைப் பார்த்தபடி வண்டி நின்றது. டயர்களைக் கழற்றி வண்டியைச் சிமெண்டுத் திண்டில் பதித்திருந்தார்கள். பானட் இருந்த இடத்தில் மண்ணை நிரப்பிப் பூச்செடி வைத்திருந்தார்கள். அவன் கதவுப் பிடியில் கை வைத்ததும் வரவேற்பிலிருந்த ஜிஸ்மி என்ற பெண் ஓடிவந்தாள்.

"சார், உள்ள ஏறக் கூடாது. வெளிய நின்னு ஃபோட்டோ எடுத்துக்கலாம்."

மறுக்கத் தோன்றாமல் நஞ்சப்பன் நகர்ந்து நின்றான். அவளே அவன் ஃபோனை வாங்கி ஒரு படம் எடுத்துக் கொடுத்தாள். மூணாறு தாண்டியதும் அதை அழித்தான்.

இப்போது அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வது அம்மா பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான். அதுவும் அவளுடைய மருந்தைப் பற்றி.