சீசன் டூட்டி

மூன்று ஊர்களுக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். சாரல் தொடங்கியதும் குற்றாலத்து அருவிக்கரை முகாமில் சீசன் டூட்டி போட்டார்கள். ஊரில், புதன்தோறும் கர்ப்பிணிகளுக்குப் பிரஷர் பார்க்கும் என் சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்தது.

முகாமுக்கு வந்தபின் மூன்றாவது புதன்கிழமை. பாறையில் வழுக்கிய ஒருவரின் கால்விரலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து மாடத்தி போன் செய்தாள். அவள் மருமகள் பேச்சிக்கு எட்டு மாதம்.

"நர்சம்மா, பிள்ளைக்கு நாலு நாளா கால்வீக்கம், தலைவலி. இந்தப் புதனாவது பிரஷர் பாக்க நீங்க வந்துருவியள்னு காத்துக் கெடந்தோம். காலைல வலிப்பு வந்துட்டு. ஆம்புலன்ஸ் ஆலங்குளம் தாண்டல, வயித்துப் பிள்ளையோட போயிட்டா."

போன் காதில் இருக்க, பிளாஸ்திரியின் மறுமுனையை அழுத்தி ஒட்டினேன்.

"சிஸ்டர், இதோட குளிக்கலாமா?" என்றார் பிளாஸ்திரிக்காரர்.

அவருக்குப் பதில் சொல்ல அந்த முகாமில் நாங்கள் ஐந்து நர்சுகள் இருந்தோம். ஐந்து பேரும் ஊரில் பூட்டுப் போட்டுவிட்டு வந்தவர்கள்.