பத்தொன்பது நாள் குரல்

என் மனைவியின் குரல்வளையை எடுத்தது டாக்டர். எடுத்திருக்காவிட்டால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டாள்; அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் குரலைத் தொலைத்தவன் நான்.

ஆபரேஷனுக்கு முன்பே பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒரு யோசனை சொல்லியிருந்தார். நிறையப் பேசிப் பதிவு செய்து வைத்தால், பின்னால் போனில் டைப் செய்வதை அவள் குரலிலேயே பேச வைத்துவிடலாமாம். பத்தொன்பது நாள், காலையில் ஒரு மணி நேரம், அவள் என் கம்ப்யூட்டரில் செருகிய ரெக்கார்டர் முன் உட்கார்ந்து பேசினாள். கொடுத்த பட்டியலை வாசித்தாள். பட்டியல் தீர்ந்ததும் பூனையைக் கொஞ்சினாள், மகளை அதட்டினாள், என்னைப் பற்றி என்னிடமே புகார் சொன்னாள். கடைசி நாட்களில் தொண்டை கரகரத்தது. அப்போதும் விடவில்லை.

நான் ஒரு அச்சகத்தில் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். இதை ஏனோதானோ என்று செய்வேனா? பழைய டிஸ்க் சின்னது, வயதும் ஆகிவிட்டது என்று புதிதாக இரண்டாவது டிஸ்க் ஒன்றை வாங்கி மாட்டினேன். என் கம்ப்யூட்டர் ஓடுவது லினக்ஸில்; அதில் இரண்டாவது டிஸ்க்குக்கு ஒரு இடம் காட்ட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்புறையைக் கைகாட்டி, இதன்மேல் உட்கார் என்று சொல்ல வேண்டும். அதைத்தான் மவுன்ட் செய்வது என்போம். ‘குரல்’ என்று ஒரு காலிக் கோப்புறை போட்டேன். கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் புது டிஸ்க் அதன்மேல் வந்து உட்காரும்படி ஒரு வரி எழுதினேன். டிஸ்க் அகப்படாவிட்டால் சத்தம் போடாமல் மேலே போ என்றும் அதிலேயே சேர்த்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

மருத்துவமனையிலிருந்து அவளைக் கூட்டிவந்த மறுநாள் ‘குரல்’ கோப்புறையைத் திறந்தேன். ஒன்றுமே இல்லை. ‘தொலைந்ததும் கிடைத்ததும்’ என்ற பெயரில் லினக்ஸ் தானாகவே போட்டுவைக்கும் ஒரு குட்டிக் கோப்புறை மட்டும் இருந்தது. அதுவும் காலி. அந்த நேரத்தில் அந்தப் பெயர் எனக்குக் கிண்டலாகப் பட்டது.

அழிந்ததை மீட்கும் மென்பொருளைப் புது டிஸ்க்கில் இரண்டு நாள் ஓடவிட்டேன். ஒரு முனகல்கூட அகப்படவில்லை. நான் அடித்த கட்டளைகளின் பட்டியலைப் பார்த்தேன். டிஸ்க்கைத் துடைத்துத் தயார் செய்யும் கட்டளை அதில் இருந்தது, தேதி இல்லாமல். வாங்கிய அன்று அடித்ததா, இல்லை ஆபரேஷன் பயத்தில் புத்தி பேதலித்து மறுபடியும் அடித்தேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நான்தான் அழித்திருப்பேன் என்று முடிவு கட்டினேன். அவளிடமும் சொன்னேன்.

ஸ்லேட்டை எடுத்து, “பரவால்ல, விடுங்க” என்று எழுதினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டத்தான் அவளால் முடியாதே.

அவள் டைப் செய்வதைப் போனில் யாரோ ஒரு பெண்ணின் குரல் பேசியது. சுத்தமான குரல், அழகான உச்சரிப்பு. எங்கள் மகளுக்குப் பத்து வயது; வாலு என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் குரல் முதல் முறை “சாப்பிட வா” என்றதும் காதைப் பொத்திக்கொண்டாள்.

“அந்தம்மா கூப்பிட்டா நான் வர மாட்டேன்பா. சொல்லிடு.”

அதன்பின் மனைவி போனைத் தொடவில்லை. கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிக் கூப்பிட்டாள். வாலு வந்தாள், சாப்பிட்டாள், போனாள். மூன்று பேர் இருக்கும் வீட்டில் கரண்டிச் சத்தம்தான் பேச்சு. குளியலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீருக்குள் அவள் குரல் கேட்கும். மூடினால் நின்றுவிடும். எனக்குக் கிறுக்குப் பிடிக்கிறது என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில் பழைய டிஸ்க் நிரம்பிவிட்டதாகக் கம்ப்யூட்டர் எச்சரித்தது. என்னதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு கோப்புறையாகக் கூட்டிப் பார்த்தேன். கணக்கில் இருபது ஜிபி உதைத்தது. இடம் போயிருக்கிறது, ஆனால் எந்தக் கோப்புறையிலும் அது இல்லை. மறுபடி கூட்டினேன். அதே இருபது. வீட்டில் யாரோ குடியிருக்கிறார்கள், எந்த அறையில் பார்த்தாலும் ஆளில்லை. பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவன் நான். பட்டப்பகலில் மயிர்க்கூச்செறிந்தது. பயத்தில் மானிட்டரை அணைத்துவிட்டு எழுந்து போனேன். நானெல்லாம் ஒரு சர்வர்காரன்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி ஸ்லேட்டை என் முன்னால் வைத்தாள். “அந்த டிஸ்க்கக் கழட்டிடுங்க. நீங்க அதையே பாத்துட்டு உக்காந்திருக்கறது எனக்குப் பிடிக்கல.”

“சரிம்மா” என்றேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

டிஸ்க்கை இறக்கும் கட்டளையை அடித்தேன். இறங்கியது. இனி அந்தக் கோப்புறை எதற்கு? காலிக் கோப்புறையை மட்டும் நீக்கும் கட்டளை ஒன்று உண்டு. அதை அடித்தேன்.

முடியாது, கோப்புறை காலியாக இல்லை என்று பதில் வந்தது.

கோப்புறையைத் திறந்தேன். முதல் நாள், இரண்டாம் நாள் என்று பத்தொன்பது கோப்புகள் வரிசையாக நின்றன.

என் மடத்தனம் அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மாறாத அடையாள எண் ஒன்று உண்டு. அதை எழுதாமல், கம்ப்யூட்டர் எழும்போது வரிசைப்படி வைக்கும் பெயரை எழுதியிருந்தேன். அச்சகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். அவள் பேசிய நாட்களிலெல்லாம் ரெக்கார்டர் செருகியபடியே இருந்தது. அதுவும் கம்ப்யூட்டருக்கு ஒரு டிஸ்க்தான்; புது டிஸ்க்கின் பெயரை அது தட்டிக்கொண்டு போயிருக்கிறது. டிஸ்க் வந்து உட்காரவில்லை. நான் சொன்னபடியே கம்ப்யூட்டரும் சத்தம் போடவில்லை. பதிவு முழுக்கப் பழைய டிஸ்க்கில், அந்தக் கோப்புறையிலேயே விழுந்திருக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் ரெக்கார்டரை எடுத்துவிட்டேன். அடுத்த முறை கம்ப்யூட்டர் எழுந்தபோது புது டிஸ்க் ஒழுங்காக வந்து அவள் குரலின்மேல் உட்கார்ந்து அதை மறைத்துக்கொண்டது.

இரண்டு மாதமாக அவள் அங்கேயேதான் இருந்திருக்கிறாள். மூடிவைத்ததும் நான்தான், ஒப்பாரி வைத்ததும் நான்தான்.

எது என்று பார்க்காமல் ஒரு கோப்பைத் தட்டினேன். ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்தது.

“வாலு! ஏய் வாலு! மணி என்னாச்சு பாரு, இன்னும் தல வாரல. வர்றியா, இல்ல நான் அங்க வரவா?”

சமையலறையில் ஏதோ கீழே விழுந்தது.

“இதோ வரேம்மா!”

மகள் உள்ளறையிலிருந்து ஓடிவந்தாள். கையில் சீப்பு, தலைமுடி பாதி அவிழ்ந்திருந்தது. என்னைத் தாண்டி, ஸ்பீக்கரைத் தாண்டி, ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்ற அம்மாவிடம் நேராகப் போனாள். அங்கே போய் நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அம்மாவின் வாயைப் பார்த்தாள். கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள்.

“நீதானேம்மா கூப்பிட்டே?” என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையாட்டி, சீப்பை வாங்கி, மகளைத் திருப்பி நிறுத்தித் தலை வார ஆரம்பித்தாள். ஸ்பீக்கரில் திட்டு இன்னும் ஓயவில்லை. அவள் உதடுகளும் கூடவே அசைந்துகொண்டிருந்தன.