பேச்சை விட்ட தவக்காலம்

அந்தச் சலூன்காரர் வாயைத் திறந்தால் கத்திரி ஓயும்வரை மூடமாட்டார். வந்து உட்கார்ந்தவரின் கழுத்தில் துணியைக் கட்டும்போது ஆரம்பிக்கிற கதை, பிடரியில் பவுடர் போட்டுத் தட்டிவிடும்போதும் பாதியில்தான் நிற்கும். மீதியைக் கேட்கத்தான் முடி வளர்க்கிறோம் என்று சிலர் கேலி செய்வார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தால் கறியை விடுவது அவர் வழக்கம். அதன் முதல் நாளான திருநீற்றுப் புதன் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பியவர், இந்த வருஷமும் கறி கிடையாது என்று பெருமையாக அறிவித்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிரக்கூட இல்லை. டாக்டர்தான் போன மாதமே அதை நிறுத்தச் சொல்லிவிட்டாரே, இதில் ஆண்டவருக்கு என்ன பங்கு என்று கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றது.

"பின்ன எதை விடச் சொல்ற?"

"கடையில பேசுறதை விடுங்க. முடிஞ்சா."

அந்த 'முடிஞ்சா'தான் அவரை மாட்டிவிட்டது. மனிதர் ரோஷக்காரர். ஈஸ்டர் வரைக்கும் கடையில் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தார்.

முதல் வாரம் பெரும்பாடாக இருந்தது. தொண்டை கட்டிவிட்டதா, வீட்டில் சண்டையா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். ஒருவர், தன்மேல்தான் ஏதோ கோபம் என்று நினைத்து, செய்யாத தப்புக்கு மன்னிப்பே கேட்டுவிட்டுப் போனார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். உள்ளுக்குள் கர்வம் ஏறியது. இத்தனை பெரிய காரியம் செய்கிறோம், அதைச் சொல்லிக்கொள்ளத்தான் வழியில்லாமல் போய்விட்டதே என்ற வருத்தமும் கூடவே இருந்தது.

போகப் போகக் கர்வம் வடிந்தது. பேச்சு நின்ற கடையில் மின்விசிறி முனகுவது கேட்டது, நாற்காலியில் இருப்பவர் மூச்சு விடுவது கேட்டது. சும்மா கிடந்த இடத்தை நிரப்ப மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். எப்போதும் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும் தபால்காரர், தன் மகள் தன்னோடு பேசுவதே இல்லை என்றார். வருஷக்கணக்காக அந்தத் தலைக்கு முடி வெட்டியும், அவருக்கு ஒரு மகள் இருப்பதே இவருக்கு அன்றுதான் தெரியும்.

தங்கையின் புருஷன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். சரக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வை பார்ப்பவன். வேலை நேரத்தில் இவனுக்கு இங்கே என்ன வேலை என்று இவர் யோசித்தார். இதற்கு முன்னும் இரண்டு மூன்று தடவை அப்படி வந்திருக்கிறான். பேச்சு மும்முரத்தில் அது உறைக்கவே இல்லை.

கடையில் வேறு யாரும் இல்லை. பாதித் தலை வெட்டியாயிற்று. கண்ணாடியைப் பார்த்தபடியே அவன் சொன்னான்.

"மச்சான், எனக்கு வேலை போயிருச்சு."

கத்திரி நின்றது. "எப்போ?"

"அஞ்சாறு மாசமாச்சு. உங்க தங்கச்சிக்குத் தெரியாது. தினமும் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பி, பூங்காவுல போய் உக்காந்துக்கிறேன்."

கம்பெனி கடைசியாகக் கொடுத்த பணத்தையே சம்பளம் என்று வீட்டில் கொடுத்து வந்தானாம். அதுவும் தீரப்போகிறதாம்.

"உங்ககிட்ட சொல்லலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் வந்தேன். சொல்றதுக்கு இடமே கிடைக்கல மச்சான்."

இவருக்கு நாக்கு நுனிவரை எல்லாம் வந்தது. ஏன்டா மறைச்ச என்ற கோபம், வேலை வாங்கித் தரக்கூடிய நாலு பேரின் பெயர், வேலை போன பிறகு ஓகோவென்று ஆன ஒருவரின் கதை. எல்லாவற்றையும் விழுங்கினார். நோன்பு என்பதற்காக அல்ல. அந்த நேரத்தில் நோன்பு நினைவிலேயே இல்லை. எதைச் சொன்னாலும் அது இவன் பேச்சை அமுக்கிவிடும் என்று தோன்றியது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலில் எட்டிப் பார்த்தவரைப் பிறகு வரும்படி சைகை காட்டினார். அரைகுறை முடியோடு அவன் அழுது, பேசி, ஓய்ந்தான்.

"சாயங்காலம் நானும் கூட வர்றேன் மாப்ள," என்றார். "நீயே அவகிட்ட சொல்லு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

சொன்னபடியே போனார்கள். தங்கை கேட்டாள், அழுதாள், பிறகு கொதித்தாள். வேலை போனதைவிட, ஊர்ப் பூங்காவுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. அண்ணனுக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. இவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார்.

"ஆண்டவர் வர்றதுக்கு வழியைச் சீர்பண்ணி வைங்கன்னு கோயில்ல வாசிக்கிறாங்க. நான் கறியைத்தான் ஒதுக்கி வச்சேன். வழியை மறிச்சு நின்னு கதை சொல்லிக்கிட்டிருந்தது நானேதான்."

அவள் கேலி செய்யவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளைக்குப் பெரிய வேலை எதுவும் கிடைத்துவிடவில்லை. தங்கையே நாலு இடத்தில் விசாரித்து, ரொட்டிக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வண்டியில் சேர்த்துவிட்டாள். ஆனால் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஈஸ்டர் பூசைக்கு இரண்டு குடும்பமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது. புருஷனுக்கும் தனக்கும் நடுவில் பிள்ளையை உட்கார வைத்திருந்தாள் தங்கை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று குருவானவர் அழைத்தபோது, அவள் அண்ணனுக்குச் சொன்னாள், அண்ணிக்குச் சொன்னாள், பின் பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். கடைசியில் பிள்ளையின் தலைக்கு மேலாகப் புருஷனிடம் கையை நீட்டினாள். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது. அவன் அந்தக் கையைப் பிடித்தவன் பூசை முடியும்வரை விடவில்லை.